சின்னாற்றில் ஊற்றியவர்கள்

ஐயா,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. தம்போயில் உன் அக்கா உனக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஜாமினில் வந்த தம்பியைப் பட்டினி போடுகிற பெண்ணை நான் பெறவில்லை. போனில் பேசலாம் என்றால், கோர்ட் என்ற சொல்லை நான் எடுத்ததும் வைத்துவிடுகிறாய். நேரில் வந்தால் உன் கோபமும் என் கோபமும் முட்டிக்கொள்ளும், அக்கா வீட்டுச் சாமான்தான் உடையும். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. அக்கா படிக்கட்டும். கோயில் கமிட்டித் தலைவர் கேட்டால் அவரிடமும் கொடு. உன் அப்பாவுக்கு நானே படித்துக் காட்டப் போகிறேன், அவர் சோற்றுத் தட்டை என் மேல் வீசினாலும் சரி.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் உன்னை நிறுத்தி, லோரிக்காரன் சூசையின் தாடையை உடைத்தது நீயா என்று கேட்பார்கள். நீ இல்லை என்று சொல்ல வேண்டும், அவன் கோயில் படியில் வழுக்கி விழுந்தான் என்று நாற்பது பேர் சாட்சி சொல்வார்கள். நம் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேசி வைத்திருப்பது இதுதான். நான் சொல்கிறேன், நீ ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பெற்றவளே பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பாளா என்று பல்லைக் கடிப்பாய். கடி. கடித்துக்கொண்டே கடைசி வரைக்கும் படி.

சின்னாறு என்று நாம்தான் கூப்பிடுகிறோம், வரைபடத்தில் அதற்கு வேறு மலாய்ப் பெயர். பெரிய ஆறு ஒன்றுமில்லை, ஓங்கிக் குதித்தால் பாதி தாண்டிவிடலாம். செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஊறி, எண்ணெய் ஆலைக்குப் பின்னால் வளைந்து, தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டி வந்து, நம் தாமானுக்கும் முனியாண்டி கோயிலுக்கும் நடுவே போய், கீழே மலாய்க்காரர் கிராமமான கம்பத்தைத் தாண்டிப் பெரிய ஆற்றில் விழுகிறது. ஆறு என்றால் தண்ணீர் ஓடும் அந்தக் கோடு மட்டும் என்று நீ நினைக்கிறாய். இல்லை. மழை எங்கெங்கே விழுந்து இதில் வடிகிறதோ, அந்த மேடு, அந்தத் தோட்டம், ஆலைக் குட்டை, தாமான் கால்வாய், நம் வீட்டுக் குசினித் தண்ணீர், எல்லாம் சேர்ந்ததுதான் சின்னாறு. இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கு மருந்தடித்தவள் நான். சாயங்காலம் பம்பை ஓடையில்தான் கழுவுவோம். வேலை வாங்குகிற மண்டோர் அப்படித்தான் சொன்னார், சொல்லாவிட்டாலும் அப்படித்தான் கழுவியிருப்போம், வீட்டுக்கு ஓடுகிற அவசரம். பச்சையும் நீலமுமாகக் கீழே போகும். கீழே யார் குளிக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. குளித்தது நம் பிள்ளைகள்தான்.

கோயில் திருவிழா முடிந்த மறுநாள் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறாய் அல்லவா? கிடா வெட்டிய ரத்தம், பாலித்தீன் பை, சோற்றுத் தட்டு, மாலை, எல்லாம் மிதக்கும். அம்மனுக்குக் கரகம் எடுக்கிற அதே துறையில். எண்ணெய்ச் சட்டியைக் கால்வாயில் கவிழ்க்காத வீடு நம் வரிசையில் ஒன்று இருந்தால் காட்டு. அதனால் நாம் எல்லாரும் புனிதர்கள், லோரிக்காரன் ஒருவன்தான் பாவி என்று கமிட்டியில் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாம் செய்தது அசிங்கம். ரசாயனக் கழிவைத் தாங்கியில் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றிய லோரி செய்தது கொலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவளும் நான் இல்லை.

அந்தக் கொலை நடந்த காலையில் நீ பட்டறையில் இருந்தாய். எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறாய், நான் பார்த்தேன். ஆற்றில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கெலி, தலாப்பியா, சேற்றுக்குள்ளேயே கிடக்கிற விரால் கூட. அப்பா பாலத்திலிருந்து கூத்தாடினார். "அடியே, வாளி எடுத்துட்டு ஓடியா! கெலி தானா வந்து நம்மள கூப்புடுது!" எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பாதித் தாமான் இறங்கியது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரைக்கும் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வீசினார். நான் கரையில் நின்று சிரித்துக்கொண்டே பொறுக்கினேன். மீன் ஏன் மூச்சுக்குத் தவிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு வாத்து ஒன்று நீந்தியபடியே கவிழ்ந்து காலை உதறியது. அப்போதுதான் அந்த நெடி மூக்கில் குத்தியது. கண்ணில் நீர் கொட்டியது, ஒரு பொம்பளை அங்கேயே வாந்தியெடுத்தாள். அப்பா கரையேறி, "காலு கொஞ்சம் எரியுது, வெந்நி வை" என்றார். மத்தியானம் நான் துடைத்துவிடும்போது தோல் காலுறையைக் கழற்றுவது போல என் துணியோடு வந்தது. அவர் கத்திய கத்தல் இன்னும் அந்தக் குளியலறையில் இருக்கிறது.

சர்க்கரைக்காரர் புண் எப்படிப் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதம் கறுத்தது, பிறகு கணுக்கால். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய், அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நீ போர்வையைத் தூக்கிப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. போர்வையை மெதுவாக மூடிவிட்டு வெளியே போய்ச் சுவரில் குத்தினாய், கை முட்டியெல்லாம் ரத்தம்.  சுற்றுச்சூழல் இலாகாக்காரர்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவோம், அந்தக் கழிவை லோரியில் எங்கே ஏற்றினார்கள் என்று காட்ட ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது என்றார்கள். நியாயமான பேச்சுதான். அந்த ஆளைத்தான் நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று நான் நம்பினேன். நீ தேடியது அடிப்பதற்கு ஓர் ஆளை.

கை நீட்டுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்கிறது. வேறு எங்கிருந்து வரும், என்னிடமிருந்துதான். நீ இடைநிலைப்பள்ளியில் படித்தபோது உன் கூட்டாளிகளோடு சேர்ந்து கார் பேட்டரியைத் தூக்கிப் போய் ஆற்றில் கரண்டு விட்டு மீன் பிடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் ரோத்தான் பிரம்போடு வந்து உன்னைப் பாலத்தின் மேல் வைத்து ஊர் பார்க்க விளாசினேன். "ஒரு நேரக் கொழம்புக்குத்தாம்மா!" என்று துள்ளினாய். "குஞ்சு குளுவான் எல்லாத்தையும் கொன்னுட்டு என்னாடா ஒனக்குக் கொழம்பு!" என்று இன்னும் நாலு வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நீ பேட்டரியைத் தொடவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது ஆற்றைப் பற்றி, நீ கற்றுக்கொண்டது ரோத்தானைப் பற்றி என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. திருவிழாவுக்குக் கொடியேற்ற கோயிலில் எல்லாரும் கூடியிருந்தோம். கையில் பூசைத் தட்டு, தேங்காய், திருநீறு, கற்பூரம். பட்டப் பகலில் அந்தத் தாங்கி லோரி வந்து பாலத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, பின்னால் ஓடி, வால்வைப் பிடித்தான். அவ்வளவுதான் பார்த்தோம். "ஊத்துறான்டா! புடிங்கடா அவன!" என்று ஒரு குரல். நீங்கள் பத்துப் பதினைந்து பேர் பாய்ந்தீர்கள். அவன் வயிற்றில் ஒருவன் உதைத்தான், ஒருவன் தலைமுடியைப் பிடித்தான், சட்டை கிழிந்தது, செருப்பு ஒன்று கால்வாயில் போனது. தரையில் இழுத்துக்கொண்டே வந்து முனியாண்டி முன்னால் போட்டீர்கள். அவன் நம் ஆள், தமிழன் என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. சீனனோ மலாய்க்காரனோ வங்காளதேசியோ ஊற்றியிருந்தால் போலீசுக்குப் போயிருப்போமோ என்னவோ. சொந்தக்காரன் செய்தால் நமக்குச் சாமி வேண்டும், சத்தியம் வேண்டும்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க, நான் ஊத்தலன்னு!" என்று கத்தியது தலைவர். நம் வழக்கம்தானே. தோட்டத்துக் காலத்திலிருந்து கோழி திருடியவன் முதல் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டவன் வரைக்கும் இங்கே கற்பூரத்தை அடித்துத்தான் தீர்த்திருக்கிறோம். தட்டு என் கையில் இருந்தது. கற்பூரத்தைக் கொளுத்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டியவள் நான். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "பாத்தீங்களா! சத்தியம் பண்ண மாட்டேங்குறான்! இவன்தான்! இவனேதான்!" கூட்டம் கொதித்தது. அவன் என்னைப் பார்த்தான். உதட்டில் ரத்தம். அவன் சொன்னதை நான் கேட்டேன், தட்டுப் பிடித்த எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம்தான். "அம்மா, நான் வேதக்காரம்மா. இதுல நான் சத்தியம் பண்ணக் கூடாது. ஆனா சொல்றேன். எங்க ஏத்துனேன்னு வந்து காட்டுறேன். எல்லாத்தையும் சொல்றேன்."

அவன் வாய் மூடவில்லை, உன் வீல் ஸ்பேனர் இறங்கியது. பட்டறையில் டயர் கழற்றுகிற அதே ஸ்பேனர். பச்சை மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. ஒரு பல் வந்து என் தட்டில் திருநீற்றின் மேல் விழுந்தது. அவன் சரிந்த பிறகும் விட்டீர்களா? கொடிக்கம்பத்துக்கு வெட்டி வைத்த மூங்கிலால் அடித்தார்கள், தேங்காயால் அடித்தார்கள். அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவந்த பொம்பளைகள் ஓரமாக நின்று "போடு, இன்னும் போடு" என்றார்கள். உன் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி ஊன்றுகோலை நீட்டி அவன் விலாவில் குத்தினார். நான் "டேய், நிறுத்துடா, அவன் சொல்ல வர்றான்டா" என்று கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. உன் காதில் அவன் சொன்னது விழுந்ததா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும். நீ எனக்கு வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாய்.

இன்னொன்று யாரும் பேசாதது. நீங்கள் அவனை அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த லோரி வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒருவர், ஒரே ஒருவர், போய்த் திருகி மூடியிருக்கலாம். நாற்பது ஆம்பளை பொம்பளைக்கு அவன் ஒருவனை அடிக்கக் கை இருந்தது, வால்வை மூட ஒரு கை இல்லை. ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கும்போது தாங்கி பாதிக்கு மேல் காலி. கோயில் கால்வாய் வழியாக எல்லாம் சின்னாற்றில் இறங்கிவிட்டது. அன்று ஊற்றியது சூசை இல்லை, நாம். அந்தத் தண்ணீர் கம்பத்துக்குப் போனது. அங்கே இரண்டு ஆடு செத்தது. கரையில் விளையாடிய ஒரு மலாய்க்காரப் பெண் பிள்ளையை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள், கடவுள் புண்ணியம். அவள் தாய் வந்து நம் கோயில் வாசலில் நின்று, "கெனாப்பா? கெனாப்பா?" என்று, ஏன், ஏன் என்று, கேட்டுவிட்டுப் போனாள்.  லோரியின் நம்பர் பிளேட் பொய், அதைத் தேடி ஒரு முதலாளியும் வரவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்கள். நாம் அம்பை நொந்ததோடு விடவில்லை, எய்தவன் யார் என்று சொல்ல வந்த அம்பை முறித்துப் போட்டோம்.

போன மாதம் நான் மூவாருக்குப் போனேன். உன் அப்பாவிடம் சின்னம்மா வீட்டுக்கு என்று பொய் சொன்னேன். சூசையின் வீடு தளவாடப் பட்டறைகள் இருக்கிற சந்தில், சுவரெல்லாம் மரத்தூள். அவன் மனைவி அங்கே நாற்காலிக்குச் சாயம் பூசுகிற வேலை. நான் யார் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்தாள், நிதானமாக வந்தாள், என் கன்னத்தில் அறைந்தாள். காது இரைந்தது. என் கை தானாக மேலே போனது, உனக்குத் தெரியுமே என் கையை. ஏசுநாதர் படத்துக்குக் கீழே அவன் உட்கார்ந்து கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பாதி வாயில் போனது, பாதி மோவாயில் வழிந்தது. உயர்த்திய கையை இறக்கினேன். வாங்கிப் போன ஆரஞ்சை அவள் வாசலில் எறிந்தாள், நான் பொறுக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

அவன் வாய் இப்போது இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. ஒரு பக்கத்தால் மெதுவாகப் பேசினான். "வால்வு ஒழுகி கண்ணு எரிஞ்சுச்சும்மா. மூடலாம்னு எறங்குனேன். நீங்க தொறக்குறேன்னு நெனைச்சுட்டீங்க." "அதுக்கு முந்தி நீ ஊத்துனதே இல்லையா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். "ஊத்துனேன். ஊத்துனா கூட ஒரு மடங்கு சம்பளம்னானுங்க. ஊத்துனேன்." "எங்க வீட்டுக்காரருக்குக் கால எடுத்துட்டாங்க. அன்னைக்கு ஊத்துனது நீதானா?" அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "தெரியலம்மா. நாலஞ்சு பேரு மாத்தி மாத்தி ஓட்டுவோம். நானாக்கூட இருக்கலாம்." அந்த நிமிஷம் அந்தக் கொதிக்கிற கஞ்சியை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வர வேண்டும் போல் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம் அவன், நான் இல்லை என்றிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அதனாலேயே அவன் சொல்கிற மற்றதையும் நான் நம்பினேன்.

"எங்க ஏத்துன, அத மட்டும் சொல்லு சாமி" என்றேன். அதற்கு அவன் மனைவி குறுக்கே வந்தாள். "சொல்ல வந்தவன் வாயத்தான் ஒடைச்சீங்க. இப்ப எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?" ஊற்றச் சொன்ன முதலாளியின் ஆட்கள் வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், வாயைத் திறந்தால் அடுத்தது உயிர் என்று. "அதுக்குக்கூட நான் பயப்படல" என்றான் சூசை. "நாப்பது பேரு நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லப் போறாங்களாம். அப்ப நான் பொய்யன். பொய்யன் போயி எடத்தக் காட்டுனா, ஊத்தி மாட்டுனவன் யார் மேலயாச்சும் பழி போடுறான்னு சொல்லுவாங்க. ஒங்க மகன் எந்திரிச்சு நிக்கட்டும். நான்தான் அடிச்சேன், அவன் சொல்ல வந்தான், கேக்காம அடிச்சேன்னு அவன் வாயால சொல்லட்டும். அன்னைக்கே நான் இலாகாக்காரங்கள கூட்டிட்டுப் போயி, ஏத்துன எடத்து வாசக் கேட்டக் காட்டுறேன். நான் ஊத்துனதுக்கு எனக்கு வர்ற தண்டனைய நானும் வாங்கிக்கிறேன்." அவன் மனைவி அழுதாள். "பைத்தியமா ஒனக்கு?" என்று அவன் தோளில் அடித்தாள். அவன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான்.

உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "என் காலு போச்சு, அவன் வாயி போச்சு. சரிக்குச் சரி. நீ சும்மா கெட" என்றார். "சரிக்குச் சரியா? அந்தக் கம்பத்துப் புள்ள எதுக்குச் சரி?" என்று கேட்டேன். "எம்புள்ள எனக்காக அடிச்சான்டி! அவன உள்ள தள்ளிட்டு நீ ஆத்த வச்சுக் கும்புடப் போறியா?" என்று என் மேல் தண்ணீர்க் குவளையை எறிந்தார். நான் அவர் ஊன்றுகோலைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசினேன். அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை போல விம்மினார். நானே போய் எடுத்து வந்து அவர் பக்கத்தில் சாத்தி வைத்தேன். ஒற்றைக் கால் மனுசனிடம் நான் செய்த காரியத்தைப் பார்த்தாயா? இந்த வீட்டில் எல்லாரும் அடிக்கிறோம், எறிகிறோம், உடைக்கிறோம். அந்த முதலாளி மேல் மட்டும் ஒரு அடி விழவில்லை. அவன் எங்கேயோ குளிர்சாதன அறையில் இருக்கிறான், நம் பெயர் கூட அவனுக்குத் தெரியாது.

போன வாரம் மறுபடி ஆற்றில் நுரை வந்தது. இந்தத் தடவை பாலத்தில் ஊற்றவில்லை, மேலே செம்பனைக்குள் எங்கேயோ. நாம் கோயில் முன்னால் வரிசையாக நின்று காவல் காக்கிறோம், பெரிய வீரர்கள். நீ திரும்பி வந்ததும் மாலை போட வேண்டும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். ஆற்றைக் காப்பாற்றியவனாம். எந்த ஆற்றை? மீன் இல்லை, தவளைச் சத்தம் இல்லை, கொக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் பறந்துபோகிறது. இந்தத் தண்ணீரை ஒருத்தன் காட்டுகிற ஒரு கேட்தான் காப்பாற்றும். அந்தக் கேட்டுக்குப் போகிற வழி உன் நாக்கில் இருக்கிறது.

நீ ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று மறைக்காமல் சொல்கிறேன். உள்ளே போவாய். எவ்வளவு காலம் என்று லோயரால் சொல்ல முடியவில்லை. ஒப்புக்கொண்டால் கொஞ்சம் குறையலாம் என்றார், சத்தியம் பண்ணவில்லை. தை மாதம் வைத்திருக்கிற உன் கல்யாணம் தள்ளிப்போகும், நின்றே போகலாம். பெண்ணிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன், மறைத்துக் கட்டிவைக்கிற பாவம் எனக்கு வேண்டாம். "யோசிக்கணும் அத்த" என்றாள். அவளைத் திட்டாதே, யோசிக்கத் தெரிந்த ஒருத்தியாவது நம் வீட்டுக்கு வரப் பார்த்தாள். தாமான்காரர்கள் என்னோடு பேச மாட்டார்கள். உன் அப்பா கொஞ்ச நாள் நான் வைத்த சோற்றைத் தொட மாட்டார், பிறகு தொடுவார். உன்னை நினைத்து நான் தினமும் அழுவேன். இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஒன்றும் தெரியாமல் இல்லை.

போலீஸ் என்னைக் கேட்டபோது "நான் பாக்கல" என்று சொன்னேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், திருநீற்றிலிருந்து பல்லை எடுத்துக் கால்வாயில் போட்டவள், பார்க்கவில்லை என்றேன். அதை மாற்றப் போகிறேன். நேற்று போலீஸ் பாலாய்க்குப் போன் செய்து, அந்த இன்ஸ்பெக்டரிடம் நான் வந்து திரும்ப வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். திங்கட்கிழமை வாருங்கள் என்றார். நான் போய்ச் சொல்லிவிட்டால் நீ எப்படியும் மாட்டுவாய். ஆனால் சூசை வாயைத் திறக்க மாட்டான். அவன் கேட்டது என் வாயை இல்லை, உன் வாயை. என் சாட்சியில் உனக்குத் தண்டனை கிடைக்கும், ஆற்றுக்கு ஒன்றும் கிடைக்காது.

கோர்ட்டில் உன்னை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டரிடம் நான் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எட்டரைக்கே வரச் சொன்னார், நான்தான் முடியாது என்றேன். பத்து வயதுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது போல உனக்கு இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவைத்திருக்கிறேன், ஐயா. அதற்கு மேல் என்னால் முடியாது.

அம்மா